தோட்டத்துக்கு ஒரு பேரேடு: வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல "செடி எல்லாத்துக்கும் பதிவேடு இருந்தாத்தான் அது தாவரவியல் தோட்டம், இல்லாட்டி வெறும் பார்க்கு"ன்னு ஒரு வரி எழுதிட்டேன், அவ்வளவுதான், கடுதாசியும் வாட்ஸ்அப்புமா வந்து குவிஞ்சிருச்சு. செட்டிநாட்டுப் பக்கம் இத்தனை பேரு தோட்டத்தோட மல்லுக்கட்டுறீங்கன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது. கோவமா எழுதுனவங்களும் உண்டு, அதையும் சேத்தே போட்டிருக்கேன்.

டீச்சர், காரைக்குடி பக்கத்துல ஒரு காலேஜ்ல லேப் அசிஸ்டெண்டா சேந்து எட்டு மாசம் ஆகுது. காலேஜ் தோட்டம் நாலு ஏக்கர். என்னென்ன செடி இருக்குன்னு முழுசா கணக்கெடுத்துக் குடுன்னு சொல்லிட்டாங்க. பழைய ரிஜிஸ்டர் ஒண்ணு இருக்கு, கரையான் தின்னது போக பாதிதான் மிச்சம். பாதிச் செடிக்கு எனக்குப் பேரே தெரியாது. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?
காரைக்குடி வாசகர்

தம்பி, பேரு தெரியலையேன்னு பயப்படாதீங்க, பேரு கடைசியா வர்ற சமாச்சாரம். எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டு கேட்டுலேருந்து "வேம்பு, புங்கன், வேம்பு, கொன்றை"ன்னு எழுதிக்கிட்டே போறது, அடுத்த வாரம் அந்த நோட்டைத் திறந்தா எந்த வேம்பு எதுன்னு எழுதுனவனுக்கே தெரியாது. முதல்ல மேப்பு, அப்புறம் நம்பர், அதுக்கப்புறம்தான் பேரு.

மேப்புக்குப் பெரிய சர்வேயர் எல்லாம் வேணாம். தோட்டத்துல அசையாத பொருள் ரெண்டு மூணு இருக்கும்ல, கிணத்து மேடை, கேட்டுத் தூணு, பம்ப் ரூம் மூலை, அதை எல்லாம் முதல்ல வரைபடத்துல குறிங்க. ஒவ்வொரு மரத்துக்கும் அதுல ரெண்டு இடத்துலேருந்து டேப் பிடிச்சு தூரம் எழுதிக்கங்க. கிணத்துலேருந்து 14 மீட்டர், தூண்லேருந்து 22 மீட்டர்னா வரைபடத்துல காம்பஸை வச்சு ரெண்டு வட்டம் போட்டா வெட்டிக்கிற இடத்துல மரம் நிக்கும். வட்டம் ரெண்டு இடத்துல வெட்டும்கிறதால, கிணத்தையும் தூணையும் சேக்குற கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னும் ஒரு வார்த்தை எழுதிருங்க. "அதான் போன்ல ஜிபிஎஸ் இருக்கே"ம்பீங்க. வெட்டவெளியில நல்ல போனே நாலஞ்சு மீட்டர் தள்ளித்தான் காட்டும், மரத்தடியில இன்னும் மோசம், உங்க தோட்டத்துல நாலஞ்சு மீட்டருக்குள்ள மூணு செடி இருக்கும். பெரிய மரத்துக்கு ஜிபிஎஸ் சரி, புதருக்கும் பாத்திச் செடிக்கும் டேப்புதான்.

அடுத்து நம்பர். வருஷம் ஒரு பக்கம், வரிசை எண் ஒரு பக்கம், 2025-0001ன்னு. இந்த 2025 நீங்க பதிவு பண்ண வருஷம், மரம் நட்ட வருஷம் இல்ல, இதுல நிறைய பேரு குழம்புறாங்க. மரம் ரொம்பப் பெருசா இருக்கே, இதுக்கு 1960ன்னு போடுவோம்னு யூகத்துல போட்டீங்கன்னா பின்னாடி வர்றவன் அதை உண்மைன்னு நம்பிருவான். ஒரே நாள்ல ஒரே நர்சரியிலேருந்து ஒரே தடவ போட்ட விதைங்கள்ல முளைச்ச 12 கன்னு வாங்கி நட்டிருந்தா 12க்கும் ஒரே நம்பர்தான், பின்னாடி 1, 2, 3ன்னு சேத்துக்கலாம். அதே சாதிக் கன்னு வேற இடத்துலேருந்து வந்திருந்தா வேற நம்பர். ஏன்னா நம்பருங்கிறது "இது என்ன செடி"ங்கிறதுக்கு இல்ல, "இது எப்ப, எங்கேருந்து, எப்படி வந்துச்சு"ங்கிறதுக்கு. எங்க அப்பா ஒரு செட்டியார் வீட்டுல கணக்கப்பிள்ளையா இருந்தவரு. ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு போடுறப்ப ஒரு ரூவா எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியலன்னா அந்தப் பக்கத்தை மூட மாட்டாரு, ராத்திரி பூரா அரிக்கேன் விளக்கு எரியும். தோட்டத்துக்கும் அதே கணக்குதான்.

எக்செல்ல ஏத்துறப்ப ஒரு எச்சரிக்கை. 2025-12ன்னு சுருக்கமா அடிச்சீங்கன்னா அது தானா டிசம்பர் மாசம்னு மாத்தி வச்சிரும். நானூறு வரிசை அடிச்ச பிறகு அதைப் பாத்து ஒரு பிள்ளை அழுதுருச்சு. நம்பர் அடிக்கிற கட்டங்களை முதல்லயே டெக்ஸ்ட்னு மாத்திட்டு, நாலு இலக்கமா 0012ன்னே அடிங்க. தேதியையும் 3/4ன்னு எழுதாம 3 ஏப்ரல்னு மாசப் பேரோட எழுதுங்க.

மரமா இருந்தா சுத்தளவு எடுக்கணும், தரையிலேருந்து 1.37 மீட்டர் உயரத்துல, அதாவது நாலரை அடி. நம்ம நாட்டுல வனத்துறைக்காரங்க எடுக்குறதும் அந்த உயரத்துலதான். உங்க நெஞ்சுல அந்த உயரம் எங்க வருதுன்னு ஒரு தடவ பாத்து வச்சுக்கிட்டா ஒவ்வொரு மரத்துக்கும் கீழேருந்து அளக்க வேணாம். சுத்தளவு 220 சென்டிமீட்டர்னா 3.14ஆல வகுத்தா குறுக்களவு 70. அப்புறம் போட்டோ: முழு மரம், பட்டை, இலையோட முன்பக்கம், பின்பக்கம், பூ, காய். இலைக்குப் பின்பக்கத்தை யாரும் எடுக்க மாட்டேங்குறாங்க, பேரு கண்டுபிடிக்கிற பல சங்கதி அங்கதான் இருக்கு.

பேரு தெரியலன்னா "தெரியாது"ன்னு எழுதுங்க. குடும்பம் மட்டும் தெரியும்னா அதை மட்டும். யாரு பேரு சொன்னது, என்னைக்குச் சொன்னதுன்னு பக்கத்துல ஒரு கட்டம் கண்டிப்பா விடுங்க. கரையான் தின்ன பழைய ரிஜிஸ்டரைத் தூக்கிப் போட்டுறாதீங்க, ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுங்க. அரை வரி மிஞ்சியிருந்தாலும் அது உங்க ஏதோ ஒரு மரத்துக்குப் பொறந்த சான்றிதழ்.

நாங்க வச்ச லேபிள் எல்லாம் ஒரே கோடையில வெளுத்துப் போச்சு. பிள்ளைங்க வேற பிச்சுப் போடுதுங்க. என்னதான் பண்றது?
பள்ளத்தூர் வாசகி

பெர்மனெண்ட் மார்க்கர்னு கடைக்காரன் சொன்னதை நம்பிட்டீங்க, அப்படித்தானே? நானும் நம்புனேன். நம்ம ஊரு வெயிலுக்கு அது ரெண்டு கோடை தாங்குனா பெருசு. அதைவிட சாதா பென்சில் எவ்வளவோ மேல், 2பி பென்சில்ல எழுதுனது மழையில கரையாது, வெயில்ல வெளுக்காது.

ஆனா நிரந்தரமா வேணும்னா நம்ம ஊருலயே ஆளு இருக்காங்களே ஆச்சி! நம்ம பக்கம் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்குனா ஒண்ணு விடாம பேரு வெட்டித்தானே வைக்கிறோம், கரண்டி முதக்கொண்டு. பாத்திரக் கடை வாசல்ல மெஷினை வச்சுக்கிட்டு விர்ருனு பேரு வெட்டுறாருல்ல, அவருகிட்ட எவர்சில்வர் தகடு துண்டு துண்டா வெட்டி, நம்பரை மட்டும் எழுதிக் குடுங்க. நான் அப்படித்தான் பண்ணேன். முதல்ல அவரு நம்பல, "என்ன டீச்சர், மரத்துக்குமா இனிஷியல் போடுறீங்க"ன்னு சிரிச்சாரு, அப்புறம் 300 தகடு ரெண்டே நாள்ல முடிச்சுக் குடுத்துட்டாரு, கொசுறா எனக்கு ஒரு டம்ளர்ல பேரும் வெட்டிக் குடுத்தாரு. அவ்வளவு செலவு வேணாம்னா மெல்லிசு அலுமினியத் தகட்டை நாலு மடிப்பு பேப்பர் மேல வச்சு, மை தீந்த பால்பாயிண்ட் பேனாவால அழுத்தி எழுதுங்க, பள்ளமா விழுந்துரும், அழியாது.

நம்பர் தகட்டையும் பேரு போர்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. நம்பர் தகடு நமக்கு, சின்னதா, கைக்கு எட்டாத உயரத்துல, எல்லா மரத்துக்கும் ஒரே திசையில, வடக்குப் பக்கம்னா எல்லாம் வடக்குப் பக்கம். பாக்க வர்றவங்களுக்கு தமிழ்ப்பேரு, அறிவியல் பேரு, குடும்பம், சொந்த ஊருன்னு பெரிய போர்டு தனி. அதைப் பிள்ளைங்க பிச்சுட்டுப் போனாலும் நம்பர் இருந்தா ஆவணம் தப்பிச்சுரும்.

கம்பியால கட்டுறவங்க தயவுசெஞ்சு தொங்குற மாதிரி தளர்த்தியா கட்டுங்க. ஒரு மகிழ மரத்துக்கு நானே இறுக்கிக் கட்டிட்டு மூணு வருஷம் கவனிக்காம விட்டுட்டேன், கம்பி பட்டைக்குள்ள புதைஞ்சு, அதுக்கு மேல இருந்த கிளை காஞ்சே போச்சு. இப்பவும் அந்த மரத்துப் பக்கம் போனா அந்தத் தழும்பு என்னையப் பாக்குற மாதிரியே இருக்கும்.

போன்ல ஆப் இருக்கு, போட்டோ எடுத்தா பேரு சொல்லுது. அப்புறம் எதுக்கு டீச்சர் இவ்வளவு பாடு?
கோட்டையூர் வாசகர்

ஆப் நல்லதுதான், நானும் வச்சிருக்கேன், பூவைக் காட்டுனா பெரும்பாலும் கிட்டக்க கொண்டு போய் விட்டுரும். வெறும் இலையை மட்டும் காட்டுனா அது ஜோசியம். அது சொல்ற பேரை "இருக்கலாம்"னு எழுதுங்க, "இதுதான்"னு எழுதாதீங்க.

ஆப்பை விடுங்க, நம்ம ஆளுங்களே குழப்புறதுல லேசுப்பட்டவங்களா. பள்ளிக்கூடத்துல, ஆஸ்பத்திரியில, மண்டபத்துல எல்லாம் காம்பவுண்டு ஓரமா ஒல்லியா உசரமா நிக்குமே, அலை அலையா இலை வச்சு, அதை ஊரே அசோகமரம்னு சொல்லும். அது நெட்டிலிங்கம். நிஜ அசோகு வேற மரம், ஒரே காம்புல பல சின்ன இலை சேந்த கூட்டிலை, துளிரு செம்புக் கலருல துவண்டு தொங்கும், பூ ஆரஞ்சு சிவப்புல கொத்துக் கொத்தா கட்டையிலயே பூக்கும். சராகா அசோகான்னு போட வேண்டிய இடத்துல நெட்டிலிங்கத்தைக் காட்டி போர்டு வச்ச தோட்டத்தை நான் ஒண்ணுக்கு மேலயே பாத்திருக்கேன்.

பாலைன்னு ஒரு பேரு இருக்கே, அது இன்னும் பெரிய வம்பு. ஏழிலைப்பாலை ஒண்ணு, ஒரு கணுவுல சுத்தி ஏழு இலை போல நிக்கும். வெட்பாலை ஒண்ணு, நீளமா ரெட்டைக் காய் தொங்கும். குடசப்பாலை ஒண்ணு. இந்த மூணும் அரளியோட குடும்பம். நாம பழம் பறிச்சுத் தின்ன உலக்கைப்பாலை இருக்கே, மஞ்சளா சின்னதா பிசுபிசுன்னு இனிக்குமே, அது சப்போட்டாவுக்குப் பங்காளி, மனில்கரா ஹெக்ஸாண்ட்ரான்னு பேரு. கிள்ளுனா எல்லாத்துலயும் பால் வரும், அதான் எல்லாம் பாலை ஆயிருச்சு. மருதும் அப்படித்தான், நீர்மருது வேற, பூமருது வேற, கருமருது வேற. அதனால நோட்டுல ஊருப் பேரை எழுதுங்க, யாரு சொன்னாங்கன்னும் எழுதுங்க, ஆனா அதை வச்சே அறிவியல் பேரை முடிவு பண்ணிராதீங்க.

சந்தேகம் தீரலன்னா பூவும் காயுமா ஒரு கிளையைப் பாடம் பண்ணி, அதாவது பேப்பர்ல அழுத்திக் காயவச்சு, எடுத்துக்கிட்டு திருச்சிக்குப் பஸ் ஏறுங்க. செயின்ட் ஜோசப் காலேஜ்ல ராபினாட் ஹெர்பேரியம், அதாவது பாடம் பண்ண செடிங்களைச் சேத்து வைக்கிற இடம், இருக்கு, 1967ல ஆரம்பிச்சது, நம்ம சமவெளிச் செடிங்களை வருஷக்கணக்கா அலைஞ்சு சேத்து வச்சிருக்காங்க. கோயம்புத்தூர்ல இந்திய தாவரவியல் ஆய்வகத்தோட தெற்கு மண்டல மையம் இருக்கு, பழைய மெட்ராஸ் ஹெர்பேரியம் இப்ப அங்கதான். முன்னாடியே எழுதிக் கேட்டுட்டுப் போங்க, திடீர்னு போய் நின்னா பாவம் அவங்களுக்கும் வேலை இருக்கும்.

பாடம் பண்றதுன்னா எப்படி? நாங்க நாலு செடியை வெயில்ல காயவச்சோம், அப்பளமா நொறுங்கிருச்சு.
பொன்னமராவதி மாணவிகள்

வத்தலா போடுறீங்க, வெயில்ல காயவைக்க! நியூஸ் பேப்பருக்கு நடுவுல செடியைப் பரப்பி, ஒரு இலையையாவது திருப்பிப் போட்டு பின்பக்கம் தெரியிற மாதிரி வச்சு, மேல கனமா ஏத்தி, காத்தோட்டமா நிழல்ல வைக்கணும். முதல் நாலு நாளு தினமும் பேப்பரை மாத்தணும், அதுக்குச் சோம்பல் பட்டா பூஞ்சை புடிக்கும், ஐப்பசி கார்த்திகையில சொல்லவே வேணாம். பிரண்டை, கள்ளி மாதிரி சதைப்பத்தா இருக்குறதை கொதிக்கிற தண்ணியில ஒரு முக்கு முக்கிட்டு வைங்க, இல்லன்னா அது பேப்பருக்குள்ளயே துளிர் விட்டுக்கிட்டு இருக்கும், நெஜமாத்தான் சொல்றேன், நான் பாத்திருக்கேன்.

காஞ்ச பிறகு ஒட்டுற அட்டை சுமாரா 42க்கு 28 சென்டிமீட்டர். கீழ வலது மூலையில லேபிள். அதுல என்ன எழுதணும்னு கேட்டா, காஞ்சா தெரியாமப் போற எல்லாத்தையும் எழுதணும். பூவோட கலரு, வாசனை, பால் வந்துச்சா, எத்தனை அடி உசரம், என்ன மண்ணு, எந்த ஊரு, தேதி, தோட்டத்து நம்பர். பூச்சி அரிக்காம இருக்க, அட்டையை நல்லா கட்டி ஃப்ரீசர்ல ஒரு வாரம் வச்சு எடுங்க. அந்தக் காலத்துல பாதரச உப்பைத் தடவி வைப்பாங்க, அது கடும் விஷம், அதனால உங்க காலேஜ் பீரோவுல பழைய ஷீட்டு இருந்தா தொட்டுட்டுக் கையக் கழுவாம முறுக்குத் திங்காதீங்க.

ஒழுங்கா பண்ணா எவ்வளவு நாள் இருக்கும்னா, செடிங்களுக்கு ரெண்டு சொல்லுல அறிவியல் பேரு வைக்கிற முறையைக் கொண்டு வந்த லின்னேயஸோட மாணவர் கோனிக்னு ஒருத்தரு 1768ல நம்ம தரங்கம்பாடிக்கு வந்து செடி சேத்தாரு, அவரு பாடம் பண்ணது இன்னைக்கும் ஐரோப்பாவுல பத்திரமா இருக்கு.

எங்க ஐயா ரங்கூன்லேருந்து கொண்டு வந்து நட்டதுன்னு வீட்டுப் பின்கட்டுல ஒரு நாகலிங்க மரம் நிக்கிது. இப்ப ஒரு காலேஜ் பையன் வந்து, இது தென் அமெரிக்கா மரம் ஆச்சி, பர்மா மரமே இல்லைங்கிறான். எங்க ஐயா பொய்யா சொன்னாரு?
கானாடுகாத்தான் ஆச்சி

ஆச்சி, ரெண்டு பேரும் உண்மையைத்தான் சொல்றாங்க. நாகலிங்கத்துக்குப் பொறந்த வீடு தென் அமெரிக்கா, கயானா பக்கம், அந்த ஊரு பேரு அதோட அறிவியல் பேருலயே இருக்கு, கௌரூபிடா கயானென்சிஸ். ஆனா உங்க வீட்டுல நிக்கிற இந்த ஒரு மரம் ரங்கூன்லேருந்து கப்பல் ஏறி வந்திருக்கலாம். ஆத்தா வீடு எங்கங்கிறது ஒரு கேள்வி, பொண்ணு எந்த ஊருலேருந்து வந்துச்சுங்கிறது இன்னொரு கேள்வி. பதிவேட்டுல இதுக்கு ரெண்டு தனிக் கட்டம் இருக்கு, அந்தப் பையன் ஒரே கட்டத்துல ரெண்டையும் திணிக்கப் பாத்திருக்கான்.

தாவரவியல் தோட்டங்கள்ல உலகம் பூரா இதுக்கு ஒரு எழுத்துக் கணக்கு வச்சிருக்காங்க. காட்டுலேருந்து நேரா எடுத்ததுன்னா டபிள்யூ. காட்டுலேருந்து வந்த செடியோட பிள்ளை, தோட்டத்துல முளைச்சதுன்னா இசட். தோட்டத்துச் செடிக்கே பொறந்ததுன்னா ஜி. தெரியலன்னா யு. இதுல டபிள்யூக்குத்தான் மவுசு, ஏன்னா ஒரு காட்டுல ஒரு சாதி அழிஞ்சு போச்சுன்னா திருப்பி அங்க நடுறதுக்கு, அந்தக் காட்டு விதையிலேருந்து வந்தது எந்தத் தோட்டத்துல இருக்குன்னுதான் தேடுவாங்க. உங்க மரம் இப்போதைக்கு யு. அதுக்காக முகம் சுளிக்காதீங்க ஆச்சி. பக்கத்துலயே "வீட்டார் சொல்லக் கேள்வி, ரங்கூன்லேருந்து கொண்டு வந்தது"ன்னு எழுதி, யாரு சொன்னது, அவங்களுக்கு ஐயா என்ன முறை, என்னைக்குக் கேட்டு எழுதுனதுன்னு போடச் சொல்லுங்க. அப்படியே பரண்ல ஐயாவோட பழைய சிட்டை, கடுதாசி ஏதாவது கிடக்கான்னு பாருங்க. ஒரு வரி, "மரக்கன்னு வகையில் செலவு" அப்படின்னு ஒரே ஒரு வரி கிடைச்சாப் போதும், சொல்லக் கேள்வி சாட்சியம் ஆயிரும். நம்ம பக்கத்து வீடுகள்ல எத்தனை பேரேடு பழைய பேப்பருக்குப் போயிருச்சு, நெனச்சா வயிறு எரியுது.

செத்துப் போன செடியை லிஸ்ட்டுலேருந்து எடுத்துரலாமா? அந்த நம்பரைப் புதுச் செடிக்குக் குடுக்கலாமா?
தேவகோட்டை வாசகர்

கூடாது, ரெண்டும் கூடாது. "செத்தது, 2025 மே, கரையான்"னு எழுதி அந்த வரியை அப்படியே விடுங்க. நான் ஆரம்பத்துல நம்பர் வீணாப் போகுதேன்னு ஒரு செத்த சந்தனத்தோட நம்பரைப் புதுசா வந்த மனோரஞ்சிதத்துக்குக் குடுத்துட்டேன். பழைய போட்டோவுல அந்த நம்பருக்குச் சந்தனம், புதுப் போட்டோவுல மனோரஞ்சிதம், பாடம் பண்ண ஷீட்டுல எது எதுன்னு பிரிக்கிறதுக்கு ஒரு முழு லீவு போச்சு. சாவுக் கணக்குல இன்னொரு லாபமும் இருக்கு, பத்து வருஷத்துச் சாவை வரிசையாப் பாத்தா எந்தப் பாத்தியில எது வச்சாலும் நிக்காதுன்னு தெரிஞ்சுரும். எங்களுக்கு அப்படித்தான் தென்மேற்கு மூலையில அரை அடிக்குக் கீழ ஒரே செம்புராங்கல்லுன்னு பிடிபட்டுச்சு.

ஆலமரத்துக்கு விழுது எல்லாம் தனித்தனியா எண்ணணுமா?
ஆத்தங்குடி வாசகர்

ஒரு உசுருக்கு ஒரு நம்பர். விழுது எத்தனை வேணும்னாலும் இருக்கட்டும். ஹவுராவுல, 1787ல ஆரம்பிச்ச அந்தத் தாவரவியல் தோட்டத்துல பெரிய ஆலமரம் ஒண்ணு இருக்கு, அதோட நடுமரம் பூஞ்சை புடிச்சு அழுகி 1925ல வெட்டி எடுத்துட்டாங்க, விழுதுங்களே மரமா இன்னைக்கும் நிக்கிது, அதுவும் ஒரே மரம்தான் கணக்குல. மூங்கில் புதரு, வாழைக் கட்டை எல்லாம் அதே மாதிரி, ஒரு தூருக்கு ஒரு நம்பர். இப்ப எத்தனை தண்டு இருக்குன்னு வேணா பக்கத்துல எழுதிக்கங்க.

அறிவியல் பேரு அறிவியல் பேருங்கிறீங்க, அதையும் மாத்திக்கிட்டே இருக்காங்களே. ஆவாரை நான் படிக்கிறப்ப கேசியா, இப்ப சென்னாங்கிறாங்க. போர்டை எத்தனை தடவ மாத்துறது?
திருப்பத்தூர் ஓய்வு பெற்ற ஆசிரியர்

சார், உங்க வயித்தெரிச்சல் எனக்கும் உண்டு. கருவேலம் அக்கேசியாவா இருந்தது இப்ப வாச்செல்லியா. நெட்டிலிங்கம் பாலியால்தியாவா இருந்தது இப்ப மோனூன். சரக்கொன்றை மட்டும் நல்லவேளை கேசியா ஃபிஸ்டுலாவாவே இருக்கு. பழைய பேரை அழிக்காம இன்னொரு கட்டத்துக்குத் தள்ளி வச்சுட்டு புதுப் பேரை எழுதுங்க, இப்ப எந்தப் பேரு செல்லும்கிறதை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்காரங்க இணையத்துல சும்மாவே பாக்க விடுறாங்க, வருஷத்துக்கு ஒரு தடவ ஒப்பிட்டுப் பாத்தாப் போதும். போர்டு பழுதாகுறப்ப மாத்திக்கலாம். பேரு மாறுனாலும் நம்பர் மாறாது பாருங்க, அதுக்குத்தான் நம்பரு நம்பருன்னு அடிச்சுக்கிறேன்.

எங்க ஊரு ஐயனார் கோயில் காட்டையும் நந்தவனத்தையும் இதே மாதிரி பதிவு பண்ணலாமா? தாவரவியல் தோட்டமெல்லாம் இல்ல, சும்மா காடுதான்.
இளையாத்தங்குடி பக்கத்துலேருந்து ஒரு வாசகர்

சும்மா காடா! உங்க காட்டுல நிக்கிறதுக்குத்தான் டபிள்யூன்னு போடலாம், எங்க காலேஜ் தோட்டத்துல முக்காவாசி நர்சரிச் சரக்கு. கண்டிப்பா பண்ணுங்க. பல்லுயிர்ச் சட்டம் 2002ல வந்துச்சுல்ல, அதுலயும் அதோட விதிகள்லயும் ஒவ்வொரு உள்ளாட்சியிலயும் ஒரு குழு போட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுன்னு ஒண்ணு எழுதணும்னு இருக்கு, உங்க பஞ்சாயத்துல அது இருக்கான்னு கேளுங்க, இருந்தா எடுத்துப் பாத்து உங்க காட்டுக்கு எத்தனை வரி ஒதுக்கியிருக்காங்கன்னு எண்ணுங்க, இல்லன்னா நீங்க எழுதுனதைக் கொண்டு போய்க் குடுங்க.

பூசாரியைக் கேக்காம உள்ள போகாதீங்க, சாமி காட்டுல குச்சி ஒடிக்கிறது வழக்கமில்லைன்னா பாடம் பண்றதை விட்டுருங்க, உதுந்த பூவும் போட்டோவும் போதும். சந்தனம், செம்மரம் ஏதாவது நின்னா அது நிக்கிற இடத்தை உங்க நோட்டுல மட்டும் வைங்க, பேஸ்புக்குல மேப்போட போட்டு திருடனுக்கு வழி சொல்லிராதீங்க.

நம்ம பக்கத்து ஊருப் பேருங்களே ஒரு பழைய செடிக் கணக்குதான். காரைக்குடிக்கு அந்தப் பேரு காரைச் செடியால வந்துச்சும்பாங்க, இலுப்பைக்குடியில இலுப்பை இருக்கு, பிள்ளையார்பட்டிக்கு எருக்காட்டூர், மருதங்குடின்னு பழைய பேரு, எருக்கும் மருதும். காரைக்குடியிலயே பொறந்து வளந்த பிள்ளைங்க முப்பது பேருகிட்ட ஒரு வகுப்புல கேட்டேன், காரைச் செடியை யாராவது பாத்திருக்கீங்களான்னு. ஒரு கை தூக்கல. கணுவுக்குக் கணு எதிரும் புதிருமா ரெட்டை முள்ளு, பழுத்தா மஞ்சளா சின்னப் பழம், ஊருக்கு வெளிய வேலியோரம் தேடுனா இன்னும் கிடைக்கும். அடுத்த வாரமே ஒரு பையன் கையெல்லாம் கீறிக்கிட்டு ஒரு கிளை கொண்டு வந்தான். அது எங்க ஷீட்டுல இருக்கு, அவன் பேரோட.

இருக்குற செடிக்குத் தண்ணி ஊத்த ஆளில்லையாம், எண்ணிக்கிட்டு இருக்காங்களாம். வேலையத்த வேலை.
பேரு போடாம வந்த கடுதாசி, புதுவயல் முத்திரை

தண்ணிதான் முதல்ல, அதுல எனக்கு உங்களோட சண்டையே இல்ல. கோடையில நானே கணக்கு நோட்டைத் தூக்கி வச்சுட்டு ஹோஸைப் பிடிச்சவ.

நடந்தது ஒண்ணு சொல்றேன். எங்க தோட்டத்துல ஒரு தாளிப்பனை. அந்த சாதி ஆயுசுல ஒரே தடவதான் பூக்கும், முப்பதுலேருந்து எண்பது வருஷம் வரைக்கும் எப்ப வேணா இருக்கலாம், பூத்துக் காய்ச்சதும் செத்துரும். ஒரு வருஷம் அது பூத்துருச்சு, உச்சியில வெள்ளைக் குடை விரிச்ச மாதிரி, பாக்க எங்கெங்கேருந்தோ ஜனம் வந்துச்சு. வந்த எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு எத்தனை வயசு?" ஒருத்தருக்கும் தெரியாது. நட்ட தேதி எழுதி வைக்கல, பழைய ரிஜிஸ்டர்ல அந்தப் பக்கமே இல்ல. கடைசியில வாட்ச்மேன் அண்ணே வந்து, "நான் வேலைக்கு வந்தப்ப இது என் இடுப்பு உசரம் டீச்சர், இதுமேல சைக்கிளைச் சாத்திட்டு ஏச்சு வாங்கியிருக்கேன்"னாரு. நான் ஆபீஸ்ல போய் அவரு வேலைக்குச் சேந்த தேதியை வாங்கியாந்து, அதையும், இடுப்பு உசரத்தையும், சைக்கிளையும் சேத்து அப்படியே எழுதி அவருகிட்ட கையெழுத்து வாங்கிட்டேன். பனை காஞ்சு சாஞ்சு ரொம்ப நாளாச்சு. எழுதுன அந்த நோட்டுப் பக்கம் இருக்கு, வேணும்னா வந்து பாருங்க, தண்ணிக் குடத்தோடயே வாங்க.